கலரைப் பார்க்காதே, காயிலைக் கேள்!

இரண்டாம் ஆண்டு மாணவன்,
மின் மற்றும் மின்னணுவியல் துறை.



இந்த ஆண்டு நம் பேரவைக் கூட்டத்தில் நடந்த காரசாரமான விவாதம் உங்களுக்கு நினைவிருக்கும். நம் இசைக்குழுவுக்கு ஓர் எலக்ட்ரிக் கிட்டார் வாங்குவது என்று ஒரே மனதாக முடிவாயிற்று. எதை வாங்குவது என்பதில்தான் சண்டை! "சிவப்புக் கலர்தான் மேடையில் எடுக்கும்" என்றது மெக்கானிக்கல். "கம்பெனி பேர் பெருசா எழுதியிருக்கணும்" என்றது சிவில். படத்தில் கதாநாயகன் தோளில் மாட்டியிருந்த மாடலே வேண்டும் என்றார் முதலாமாண்டுத் தம்பி ஒருவர். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த எனக்கு எழுந்து ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டும் போலிருந்தது. "அதுல என்ன பிக்கப் இருக்கு?" என்பதே அந்தக் கேள்வி. ஆனால் நூறு பேர் நடுவில் எழுந்து பேச எனக்கு வாய் வரவில்லை. வாய்க்கு வராதது பேனாவுக்கு வருகிறது. ஆகவே இந்தக் கட்டுரை.

நம் திண்டுக்கல் பூட்டுக்கு 2019ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது. நம் ஊர்க்காரர்கள் பூட்டு வாங்கும்போது கவனித்திருக்கிறீர்களா? "எத்தனை லீவர்?" என்றுதான் முதலில் கேட்பார்கள். பூட்டு என்ன கலர் என்று எந்தப் பெரியவரும் கேட்டதில்லை. பூட்டின் உயிர் உள்ளே இருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியும். எலக்ட்ரிக் கிட்டாரின் உயிரும் உள்ளேதான் இருக்கிறது. அந்த உயிரின் பெயர்தான் பிக்கப். இது தெரியாமல் ஒரு கிட்டாரை வாங்கிவிட்டு, ஊரார் முன்னால் நான் பட்ட பாட்டைச் சொன்னால் உங்களுக்கே விளங்கும்.

நீலக் கிட்டார் வாங்கிய கதை

என் ஊர் கொடைரோடு. கொடைக்கானலுக்குப் போகிறவர்கள் ரயிலை விட்டு இறங்கி, ஒரு டீ குடித்துவிட்டு, எங்களைத் திரும்பிப் பார்க்காமல் பஸ் ஏறிவிடும் ஊர்! சிறுமலை அடிவாரத்துத் திராட்சைத் தோட்டங்களை நம்பித்தான் எங்கள் பிழைப்பு. அப்பா மோட்டார் ரீவைண்டிங் கடையில் இருபது வருடமாக வேலை பார்க்கிறார். தோட்டத்து மோட்டார் புகைந்துபோனால் அவர் கைக்குத்தான் வரும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். அம்மா பள்ளிக்கூடமே போனதில்லை. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசல் மிதித்த முதல் ஆள் நான்தான்.

சென்ற மே மாத விடுமுறையில் திராட்சைப் பெட்டி தூக்கிச் சேர்த்த கூலியோடு, ஒரு பழைய எலக்ட்ரிக் கிட்டார் வாங்கப் போனேன். எந்தக் கடை, எந்த ஊர் என்பது இங்கே வேண்டாம். கடைக்காரர் என்னைக் கேட்ட முதல் கேள்வி இது:

"என்ன கலர் தம்பி வேணும்?"

நானும் பெரிய அறிவாளி மாதிரி, "நீலம்" என்றேன். ஆறாயிரம் ரூபாய். நீலம் வந்தது. அவர்மேல் எனக்குக் கோபமில்லை. எனக்குக் கேட்கத் தெரியவில்லை. கேட்டால் சொல்லித்தர எங்கள் வீட்டில் ஆளும் இல்லை. முதல் தலைமுறையாகப் படிக்க வருகிறவர்களின் உண்மையான குறை பணம் மட்டுமல்ல, நண்பர்களே. எதைக் கேட்க வேண்டும் என்று தெரியாததும் ஒரு வறுமைதான்! வசதியுள்ளவன் தப்பாக வாங்கினால் மாற்றிக்கொள்வான். நமக்கு முதல் வாங்கலே கடைசி வாங்கல்.

ஊர்த் திருவிழாவில் எங்கள் தெருப் பையன்கள் சேர்ந்து பாட்டுக் கச்சேரி வைத்தோம். மேடையைச் சுற்றிச் சீரியல் செட். அதை மாற்றி மாற்றி எரியவிடும் கன்ட்ரோலர் என் காலடியில். முதுகுக்குப் பின்னால் மைக் செட்டுக்காரரின் ஆம்ப்ளிஃபயர் அடுக்கு. பந்தலுக்குப் பின்னால் ஜெனரேட்டர். வயரைச் செருகினேன். ஒரு கம்பியைக்கூடத் தொடவில்லை. "ங்ங்ங்ங்..." என்று ஒரு சத்தம், ஊரே நிமிர்ந்து பார்த்தது. "டேய், ஸ்பீக்கருக்குள்ள வண்டு புகுந்துருச்சுடா!" என்று யாரோ கத்த, ஒரே சிரிப்பு. மைக் செட்டு அண்ணன் முறைத்தார். நான் கிட்டாரின் வால்யூம் குமிழைப் பூச்சியத்துக்குத் திருகிவிட்டேன்.

அதற்கப்புறம் ஆறு பாட்டு. ஆறு பாட்டுக்கும் வாசிப்பதுபோல் விரலை மட்டும் ஆட்டிக்கொண்டு நின்றேன். ஒரு சத்தமும் வரவில்லை. கச்சேரி முடிந்து இறங்கினால், முன்வரிசையில் தரையில் உட்கார்ந்திருந்த அம்மா ஓடிவந்து கன்னத்தை வழித்து, "நல்லா வாசிச்ச சாமி!" என்றாள்.

அந்த ஒரு வார்த்தை எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தது.

அப்பா திறந்த பெட்டி

அந்தக் கிட்டாரை விற்றுவிட நினைத்தேன். அப்பாதான், "புகைஞ்ச மோட்டாரையே நாம தூக்கிப் போடுறதில்ல. இதத் தொறந்து பாக்காம விக்கிறியா?" என்றார். ரீவைண்டிங் கடை மேசையில் வைத்து மேல்தட்டின் திருகுகளைக் கழற்றினோம். உள்ளே மூன்று சிறு பெட்டிகள். ஒவ்வொன்றிலும் ஆறு காந்தக் குச்சிகள், அவற்றைச் சுற்றிச் செம்புக் கம்பி. அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார்.

"ஏப்பா, இது காயில்டா! கம்பி என்ன, தலைமுடி மாதிரி இருக்கு? எத்தனாம் கேஜு?"

பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். அமெரிக்கக் கணக்கில் வழக்கமாக 42ஆம் கேஜ். எனாமலைச் சேர்க்காமல் குறுக்களவு சுமார் 0.06 மில்லிமீட்டர். அந்தக் கம்பியை ஏழாயிரம், எட்டாயிரம் சுற்றுச் சுற்றுகிறார்கள். நீட்டிப் பிடித்தால் ஒரு கிலோமீட்டருக்கு மேல் வரும்! மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தேன், 5.8 கிலோ ஓம் காட்டியது.

இது வேலை செய்யும் விதம் நம் துறையினருக்கு முதலாமாண்டுப் பாடம். 1831ஆம் ஆண்டு மைக்கேல் ஃபாரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டல்தான். காந்தம், தனக்கு மேலே ஓடும் எஃகுக் கம்பியையும் காந்தமாக்குகிறது. கம்பி அதிரும்போது காயிலுக்குள் காந்தப் பாயம் கூடிக் குறைகிறது. பாயம் மாறினால் மின்னழுத்தம் பிறக்கிறது. வோல்ட்டில் ஒரு சிறு பங்குதான், ஆனால் அதில் கம்பியின் அதிர்வு அப்படியே எழுதியிருக்கும். ஆகவே பிக்கப் என்பது மைக் அல்ல. அது காற்றின் ஒலியைக் கேட்பதில்லை, எஃகின் அசைவைக் கேட்கிறது. நைலான் கம்பி மாட்டினால் ஊமையாகிவிடும். (கொல்லர் மகனாகப் பிறந்து, அதிகம் பள்ளிக்கூடம் போகாமல், புத்தகம் பைண்டிங் செய்யும் கடையில் வேலை பழகியவர் ஃபாரடே என்பதை முதல் தலைமுறை நண்பர்கள் குறித்துக்கொள்ளவும்!)

அப்படியானால் வண்டுச் சத்தம் எங்கிருந்து வந்தது? அப்பா ஃபாரடே பெயரைக் கேள்விப்பட்டதில்லை. ஆனால் சட்டென்று சொன்னார்: "சுத்துன காயிலக் கொண்டுபோயி டிரான்ஸ்பார்மர் பக்கத்துல வச்சா, அது சும்மாவா இருக்கும்?"

அவ்வளவுதான் விஷயம்! காயிலுக்குக் கம்பியின் அசைவு எது, கரண்ட்டின் அசைவு எது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதன் இரட்டிப்பான 100 ஹெர்ட்ஸும் கூடவே வரும். கிட்டாரின் தடித்த கம்பியில் மூன்றாவது ஃப்ரெட்டை அழுத்தினால் பிறக்கும் சுரம் 98 ஹெர்ட்ஸ். அதாவது இரைச்சல் கிட்டாரின் சுரங்களுக்கு நடுவிலேயே வந்து உட்கார்ந்துகொள்கிறது. மிக்சரில் குமிழைத் திருகி அதை வெட்டப் போனால் கிட்டாரின் அடிக்குரலும் சேர்ந்து போய்விடும்.

ஒற்றைக் காயிலும் இரட்டைக் காயிலும்

என் நீலக் கிட்டாரில் இருந்தவை சிங்கிள் காயில் பிக்கப்புகள். இது மட்டமான வகை என்று நினைத்துவிடாதீர்கள். உலகப் புகழ் பெற்ற ஃபெண்டர் டெலிகாஸ்டரிலும் (1951) ஸ்ட்ராட்டோகாஸ்டரிலும் (1954) இருப்பது இதே வகைதான். இதன் குரல் பளிச்சென்று இருக்கும். வெண்கல மணி தட்டியதுபோல் ஒவ்வொரு கம்பியும் தனித்தனியாகக் கேட்கும். பாடகரின் குரலுக்குக் குறுக்கே போகாமல் அருகில் நடந்து வரும். ஒரே குறை, அந்த இரைச்சல்.

அந்தக் குறையைத் தீர்க்க அமெரிக்காவின் கிப்சன் கம்பெனியில் வேலை பார்த்த செத் லவர் என்ற மின்னணுப் பொறியாளர் 1955இல் ஒரு வழி கண்டு காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1957 முதல் அது கிட்டார்களில் வந்தது, காப்புரிமை 1959இல் கிடைத்தது. அதன் பெயர் ஹம்பக்கர். 'ஹம்' என்றால் இந்த ரீங்காரம். 'பக்' என்றால் எதிர்த்து முட்டுவது. நம் பவர் எலக்ட்ரானிக்ஸ் பாடத்தில் வரும் 'பக் கன்வெர்ட்டர்' சொல்தான்!

தத்துவம் எளிது. ஒன்றுக்குப் பதில் இரண்டு காயில்களை ஒட்டி வைக்கிறார்கள். இரண்டாவது காயிலின் சுற்றுத் திசை தலைகீழ். எனவே வெளியிலிருந்து வரும் இரைச்சல் ஒன்றில் கூட்டலாகவும் மற்றதில் கழித்தலாகவும் வந்து, சேரும் இடத்தில் பெரும்பாலும் அடிபட்டுப் போகிறது. அப்படியானால் பாட்டும் அடிபட்டுப் போகாதா? போகாது! இரண்டாவது காயிலின் காந்தத்தையும் தலைகீழாக வைத்திருக்கிறார்கள். கம்பியின் அசைவுக்கு மட்டும் இரண்டு முறை திருப்பம். சட்டையை இரண்டு முறை திருப்பினால் பழைய பக்கமே வருகிறதல்லவா? அதுபோல இசை இரண்டிலும் ஒரே பக்கமாக வந்து கூடுகிறது. இரைச்சல் கழிகிறது, இசை கூடுகிறது!

ஆனால் இலவசமாக எதுவும் கிடைப்பதில்லை. இரண்டு காயில் தொடரில் சேர்வதால் இன்டக்டன்ஸ் கூடுகிறது, உச்ச அதிர்வெண்கள் கொஞ்சம் மங்குகின்றன. மின்தடை பொதுவாக 8 கிலோ ஓம் பக்கம் வரும். குரல் தடிக்கும், வெளியீடு கூடும், ஆம்ப்ளிஃபயரைச் சீக்கிரம் உறுமவைக்கும். ராக் இசைக்காரர்களுக்கு இதனால்தான் ஹம்பக்கர்மேல் காதல். பளிச்சென்ற வெண்கலச் சத்தம் கேட்டால் மட்டும் அதற்குக் கொஞ்சம் தொண்டை கட்டும்.

இரண்டுக்கும் நடுவே கிப்சன் கம்பெனியின் பி-90 என்று ஒரு வகை உண்டு. 1946இல் வந்தது. ஒற்றைக் காயில்தான், ஆனால் அகலமானது. குரல் தடிமன், இரைச்சலும் உண்டு. 9 வோல்ட் பேட்டரி போட்டு ஓட்டும் 'ஆக்டிவ்' வகையும் இருக்கிறது. இரைச்சல் மிகக் குறைவு. ஆனால் கச்சேரி நடுவில் பேட்டரி தீர்ந்தால் அம்போதான்!

பிக்கப் எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். கழுத்துப் பக்கம் கம்பி அதிகம் அசைகிறது, அங்குள்ள பிக்கப் இதமாகப் பேசும். பிரிட்ஜ் பக்கம் அசைவு குறைவு, அங்கே குரல் மெலிந்து கூர்மையாகும். ஒரே காயிலை இடம் மாற்றி வைத்தாலே வேறு கிட்டார்போல ஒலிக்கும்.

இதையெல்லாம் ஏன் கண்டுபிடித்தார்கள்?

கிட்டார் பாவம், பிறவியிலேயே சத்தம் குறைந்த கருவி. டிரம்பெட்டும் டிரம்ஸும் நிறைந்த குழுவில் அது இருப்பதே தெரியாது. அந்தக் கவலையில்தான் ஜார்ஜ் பீச்சம் என்பவர் 1931இல் காந்தப் பிக்கப் வைத்த கிட்டாரை உருவாக்கினார். அலுமினியத்தில், வட்ட முகமும் நீண்ட கழுத்துமாக இருந்ததால் அதற்கு 'வாணலி' என்றே பட்டப்பெயர்! லியோ ஃபெண்டர் யார்? ரேடியோ ரிப்பேர் கடைக்காரர். படித்தது கணக்குப் பதிவு. கிட்டார் வாசிக்கத் தெரியாதவர். ஆனால் காயிலும் கன்டென்சரும் தெரியும். நம்மைப் போன்ற டிப்ளமோக்காரர்கள் நெஞ்சை நிமிர்த்தலாம். உலகையே ஆட்டிவைத்த கிட்டாரை உண்டாக்கியது ஒரு ரிப்பேர்காரரின் மேசை!

நம் மண்ணுக்கு வருவோம். மாண்டலின் யு. ஸ்ரீனிவாஸ் (1969-2014) கர்நாடக மேடைக்கு மாண்டலினைக் கொண்டுவந்தபோது பலர் புருவம் உயர்த்தினார்கள். மாண்டலினில் தட்டிய சுரம் உடனே செத்துவிடும், கமகம் எப்படி வரும் என்பது நியாயமான சந்தேகம். அவர் எடுத்தது எலக்ட்ரிக் மாண்டலின். இரட்டை இரட்டையாக எட்டுக் கம்பி இருக்கும் கருவியை, ஐந்து ஒற்றைக் கம்பியாக மாற்றிக்கொண்டார். தேய்ந்துகொண்டே போகும் மெல்லிய அதிர்வையும் பிக்கப் பிடித்துப் பெருக்கிக் கொடுத்ததால், சுரம் நின்றது. சுரம் நின்றதால் கமகம் வந்தது. தனக்கு என்ன ஒலி வேண்டும் என்று முதலில் தெரிந்து, அதற்கேற்பக் கருவியை மாற்றிய மேதை அவர். சென்னை ஐ.ஐ.டி.யில் கப்பல் கட்டுமானப் பொறியியல் படித்த ஆர். பிரசன்னா, எலக்ட்ரிக் கிட்டாரிலேயே கர்நாடக இசை வாசிக்கிறார். நமக்கு மேற்கே பண்ணைப்புரத்திலிருந்து புறப்பட்ட இளையராஜா, 1976இல் 'அன்னக்கிளி' வருவதற்கு முன்னால் சென்னையில் கிட்டார் கலைஞராகவும் வாசித்தவர்தான். "நம்ம ஊருக்கு எதுக்குடா கிட்டாரு?" என்பவர்களுக்கு இதுவே பதில்.

எப்படித் தேர்ந்தெடுப்பது?

பட்டறிவில் சொல்கிறேன். கடைக்குப் போவதற்கு முன்பே மூன்று கேள்விகளை நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டும்.

முதல் கேள்வி, என்ன பாட்டு வாசிக்கப் போகிறோம்? மெல்லிசைக்குப் பின்னணியாக என்றால் சிங்கிள் காயில். உறுமும் ராக் என்றால் ஹம்பக்கர். இதுவும் கல்லில் எழுதிய விதி அல்ல. ஜிமி ஹென்ட்ரிக்ஸ் 1969இல் உட்ஸ்டாக் மேடையை அதிரவைத்தது சிங்கிள் காயில் ஸ்ட்ராட்டோகாஸ்டரில்தான்.

இரண்டாவது கேள்வி, எங்கே வாசிக்கப் போகிறோம்? ரிக்கார்டிங் அறையில் ராணியாக இருக்கும் சிங்கிள் காயில், நம் திருவிழா மேடையில் என்னை நாறடித்தது. இடமறியாமல் வாங்குவது ஆழம் தெரியாமல் காலை விடுவது!

மூன்றாவது கேள்வி, எதில் செருகப் போகிறோம்? இதை யாருமே கேட்பதில்லை. நம் கல்லூரியில் கிட்டாருக்கென்று தனி ஆம்ப்ளிஃபயர் இல்லை, மிக்சரில் நேராகச் செருகுகிறோம். சாதாரணப் பிக்கப்புக்கு எதிரே சுமார் 1 மெகா ஓம் உள்ளீடு வேண்டும். மிக்சரின் லைன் உள்ளீட்டில் பெரும்பாலும் சில பத்தாயிரம் ஓம்தான் இருக்கும். மோசமான வோல்ட் மீட்டரை வைத்தால் சர்க்யூட்டே தணிந்துபோகும் என்று லேபில் படித்தோமே, அதே 'லோடிங்' இங்கேயும் நடக்கிறது. ஒலி மழுங்கிவிடும். நடுவில் ஒரு டி.ஐ. பாக்ஸ் வைத்தால் தீர்ந்தது.

கடையில் செய்ய வேண்டிய சோதனைகள் இவை. ஆம்ப்ளிஃபயரில் செருகி, கம்பியைத் தொடாமல் வால்யூமை முழுதாக வைத்துக் கேளுங்கள். கிட்டாரோடு ஒரு முழுச் சுற்றுத் திரும்புங்கள். திசைக்குத் திசை இரைச்சல் கூடிக் குறைந்தால் அது காந்தத்தால் வருவது, காயிலின் குணம். கம்பியைத் தொட்டதும் சட்டென்று அடங்கினால் அது வேறு வகை. உள்ளே கவசத் தகடு போதவில்லை, அதைப் பின்னால் நாமே சரிசெய்யலாம். ஸ்விட்சின் ஒவ்வொரு நிலையிலும் ஒரே பாட்டை வாசித்துக் கேளுங்கள். வாசிக்கத் தெரியாவிட்டால் தெரிந்த நண்பனைக் கூட்டிப் போங்கள். கண்ணை மூடிக்கொண்டு கேட்பது உத்தமம், நீலமும் சிவப்பும் தெரியாது! கழுத்து நேராக இருக்கிறதா என்று ஓரத்திலிருந்து பாருங்கள். பிக்கப்பைப் பின்னால் மாற்றிக்கொள்ளலாம், முறுக்கிய கழுத்தை மாற்றுவது லேசல்ல.

ஒரு எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். இரைச்சல் போகட்டும் என்று சிலர் ஆம்ப்ளிஃபயர் பிளக்கின் எர்த் பின்னை உடைத்துவிட்டுச் செருகுகிறார்கள். நண்பர்களே, தயவுசெய்து வேண்டாம்! கிட்டாரின் எஃகுக் கம்பிகள் எர்த்தோடு இணைக்கப்பட்டவை. எங்காவது கோளாறு என்றால் கம்பியைப் பிடித்த கையும் மைக்கைத் தொட்ட உதடும் சேர்ந்து சர்க்யூட் ஆகிவிடும். இரைச்சல் உயிரை வாங்காது, இது வாங்கும்.

"டோன் எல்லாம் விரல்ல இருக்கு மாப்ள, பிக்கப்ல ஒண்ணுமில்ல" என்று இசைக்குழு அண்ணன் ஒருவர் சொன்னார். பாதி உண்மை. பழகாத கைக்கு எந்தக் காயிலும் உதவாது. ஆனால் சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? விரல் எவ்வளவு அழகாகப் பேசினாலும், மேடையில் வண்டு கத்தினால் யாருக்குக் கேட்கும்?

பேரவைக்கு என் வேண்டுகோள்

நம் குழு வாசிப்பது பெரும்பாலும் சினிமாப் பாட்டு. ஒரே பாட்டில் மெல்லிய தட்டலும் வரும், இடையிசையில் உறுமலும் வரும். நம் கலையரங்கத்தின் மின்விசிறி ரெகுலேட்டர்களும் விளக்குகளும் எப்படி என்று உங்களுக்கே தெரியும். ஆகவே, பிரிட்ஜ் பக்கம் ஒரு ஹம்பக்கரும், நடுவிலும் கழுத்திலும் சிங்கிள் காயிலும் உள்ள 'எச்.எஸ்.எஸ்.' வகையே நமக்குப் பொருந்தும் என்பது என் தாழ்மையான கருத்து. நடுப் பிக்கப் தலைகீழாகச் சுற்றியதாக இருக்கட்டும். அப்போது நடுவும் கழுத்தும் சேரும் நிலையில் இரண்டு ஒற்றைக் காயில்களும் ஒரு ஹம்பக்கர்போலவே இரைச்சலை முட்டித் தள்ளும். மீதமாகும் பணத்தில் ஒரு டி.ஐ. பாக்ஸும் நல்ல வயரும் வாங்குவோம். கலரைக் கடைசியில் ஓட்டெடுப்புக்கு விடலாம், சிவப்பே ஜெயிக்கட்டும்!

இன்னொன்று. நம் எலக்ட்ரிகல் மெஷின்ஸ் ஒர்க்‌ஷாப்பில் சுற்றும் கருவி இருக்கிறது. இறுதியாண்டு புராஜெக்ட்டாக நாமே ஒரு பிக்கப்பைச் சுற்றிப் பார்த்தால் என்ன? எட்டாயிரம் சுற்றுத்தானே! அறுந்தால் அப்பா வந்து கற்றுத்தருவார். அவர் இதுவரை எந்தக் கல்லூரிக்கும் வந்ததில்லை.

என் நீலக் கிட்டாரை நான் விற்கவில்லை. உள்ளே செம்புத் தகடு ஒட்டி, எர்த்தைச் சரிசெய்தோம். பிக்கப்பின் உயரத்தைத் திருகி, கம்பிக்கு அளவான தூரத்தில் வைத்தோம். மைக் செட்டு அடுக்கிலிருந்து பத்தடி தள்ளி நிற்கக் கற்றுக்கொண்டேன். இரைச்சல் குறைந்திருக்கிறது, போகவில்லை. காயிலின் குணம் அது, போகாது.

போன வாரம் வீட்டுத் திண்ணையில் சின்ன ஸ்பீக்கரில் செருகி ஒரு பாட்டு வாசித்தேன். அடுப்படியிலிருந்து அம்மா எட்டிப் பார்த்து, "ஏஞ்சாமி, இது கோயில்ல வாசிச்ச மாதிரி இல்லயே?" என்றாள். திருவிழாவில் வால்யூம் பூச்சியத்தில் இருந்ததை இன்னும் அவளிடம் சொல்லவில்லை. வரும் திருவிழாவில் கேட்டுவிட்டு அவளே சொல்லட்டும்.

நண்பர்களே! 'கேள்' என்ற ஒரே சொல்லுக்குத் தமிழில் இரண்டு பொருள். வினவு என்பது ஒன்று, செவிகொடு என்பது மற்றொன்று. கடைக்காரரிடம் முதலாவதைச் செய்யுங்கள், கிட்டாரிடம் இரண்டாவதைச் செய்யுங்கள். நம் வீடுகளில் நமக்கு முன்னால் கேட்டவர் இல்லை. நாம் கேட்போம். நமக்குப் பின்னால் வருகிறவர்களுக்குச் சொல்லியும் கொடுப்போம்!